ஊட்டித் தைலம்: முகரலாம், விழுங்கக் கூடாது

ஊட்டிக்குப் போய்த் திரும்புகிறவர் பையில் வர்க்கியோடு ஒரு சிறு புட்டித் தைலமும் இருக்கும். நம் வீடுகளில் அரோமாதெரபி என்ற பெயர் தெரியாமலே புழங்கிவந்த வாசனை எண்ணெய் இது.

விறகுக்காக வந்த மரம்

இந்தத் தைலத்தைத் தரும் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவின் மரம். நீலகிரியில் விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க 1843இல் அதை நடத் தொடங்கினார்கள். மலைக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். இலையையும் சருகையும் கூட்டிச் செம்புக் கலத்தில் திணித்து, நீராவியில் தைலம் வடிப்பார்கள்.

மணம் செய்யும் வேலை

தைலத்தின் உயிர் சினியோல் என்ற பொருள். மருந்துத் தரத் தைலத்தில் அது 70 சதவீதத்துக்குக் குறையாது. நாசியில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுவதால், மூக்கு திறந்துகொண்டது போல இருக்கிறது. உண்மையில் உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும். ஆனாலும் சளி பிடித்த இரவில் அந்த நிம்மதி சிறியதல்ல, தூக்கம் வருகிறதே! சளிக்கிருமியை அது கொல்லும், காய்ச்சலைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேது பிடிக்கும்போது

கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனியாதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கி, மேசைமேல் அசையாமல் வைத்து, சூடு சற்றுத் தணிந்தபின் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் போதும். சிறு பிள்ளைகளுக்கு வேதே வேண்டாம். போர்வைக்குள் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து இருக்கிறது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த நெடியே இழுப்பைக் கிளப்பிவிடும். வலிப்பு நோய் உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது.

முட்டிவலிக்குத் தேய்ப்பதானால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து, முதலில் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில்

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கைக்குழந்தையின் மூக்கருகிலோ முகத்திலோ இந்தத் தைலத்தைத் தடவவே கூடாது, மூச்சு திணறலாம். வயிற்றுக்கு நல்லது என்று சர்க்கரையில் சொட்டு விட்டுக் கொடுக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும், அதுவும் சில நிமிடங்களில். ஜெர்மனியில் சளிக்குத் தரும் சினியோல் மாத்திரை அளந்து செய்த மருந்து. புட்டித் தைலம் அப்படியல்ல.

புட்டியைச் சாமி மாடத்திலோ தலைமாட்டிலோ வைக்காமல், பூட்டிய அலமாரியில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வலிப்பு வருகிறதா என்று காத்திராமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.