சிக்னல் கிடைக்காதது உங்கள் குற்றமல்ல, பூஸ்டர் வைப்பது குற்றம்

சங்கரன்கோவிலில் தகரக் கூரை போட்ட விசைத்தறிக் கூடம் ஒன்றுக்குள் செல்போனோடு நுழைந்தால் போதும், வாசலில் நாலு கோடு காட்டிய சிக்னல் தறிக்குப் பக்கத்தில் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். ரேடியோ அலையைத் தகரம் தடுத்துவிடுகிறது. கம்பி நெருக்கிக் கட்டிய கான்கிரீட் வீட்டின் உள்ளறையிலும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும் சுற்றுலா வேனிலும் இதே தொல்லைதான். இதற்கு மருந்து என்று ஆன்லைனில் ‘மொபைல் சிக்னல் பூஸ்டர்’ விற்கிறார்கள். அமெரிக்காவில் கேரவன் வண்டியின் கூரையில் ஆன்டெனா மாட்டி ஊர் ஊராகப் போகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம் வேனிலும் மாட்டினால் என்ன என்ற எண்ணம் வருவதில் வியப்பில்லை. ஆனால் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறவருக்குச் சிக்னல் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. அந்தக் கடமை தவறும்போது கேள்வி கேட்கும் இடத்தில் நிற்பவர் வாடிக்கையாளர். பூஸ்டரை வாங்கி மாட்டிய நொடியில் அவர் பதில் சொல்லவேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறார். பணமும் போய், நியாயமும் கைநழுவும் இந்த வழி வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் சட்டம். பூஸ்டர் என்பது அலையைப் பிடித்து, வலுவேற்றி, மறுபடி வெளியே அனுப்பும் கருவி. அதாவது அது ஒரு டிரான்ஸ்மிட்டர். உரிமம் இல்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருக்கக் கூடாது என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. டிரான்ஸ்மிட்டராக இருந்தால் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் அது இடம் கொடுத்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அரசின் அனுமதி வேண்டும் என்ற அதே அடிப்படையில்தான் நிற்கிறது. ஐயத்துக்கு இடமில்லாதபடி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலை 1 அன்று ஓர் அறிவுரையும் வெளியிட்டது. உரிமம் பெற்ற செல்போன் நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் சிக்னல் பூஸ்டரை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்கிறது அது. ‘விற்பதும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆன்லைனில் கிடைக்கிறது, ஜிஎஸ்டி பில்லும் தருகிறார்கள் என்பதால் ஒரு பொருள் சட்டப்படியானதாகிவிடாது. பில் உங்கள் பெயரில் இருக்கும், கருவி உங்கள் மாடியில் இருக்கும். அதிகாரிகள் வரும்போது கேள்வியும் உங்களிடம்தான் வரும்.

இவ்வளவு கடுமை எதற்கு? என் வீட்டுக்குள் நான் வைக்கும் பெட்டியால் யாருக்கு என்ன கேடு? கேடு பக்கத்து வீட்டுக்கு. பூஸ்டருக்கு இரண்டு ஆன்டெனா. வெளியே இருப்பது டவரோடு பேசும், உள்ளே இருப்பது போனோடு பேசும். இரண்டுக்கும் போதிய இடைவெளியோ தடுப்போ இல்லாவிட்டால், உள்ளிருந்து வரும் அலையை வெளி ஆன்டெனா மறுபடி பிடித்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகக் கொண்டுபோனால் காது கிழிய ஊளையிடுமே, அதே ஊளைதான் இங்கே ரேடியோ அலையில் நடக்கிறது. நம் காதுக்குக் கேட்காது, ஆனால் டவரின் காதில் போய் அறையும். டவர் பிடிக்கவேண்டியது பல தெருக்களிலிருந்து வரும் போன்களின் மிக மெல்லிய அலைகளை. அவற்றை இந்த இரைச்சல் மூழ்கடித்துவிடும். மலிவான பெட்டிகள் ஒரு நிறுவனத்தின் அலைவரிசையை மட்டும் பிரித்தெடுப்பதில்லை. கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பெருக்குவதால் மற்ற நிறுவன வாடிக்கையாளர்களும் பாதிக்கப்படுகிறார்கள். விளைவு, ஒரு வீட்டில் நாலு கோடு, சுற்றிலும் பல வீடுகளில் பேச்சு பாதியில் அறுபடுகிறது. வேனில் மாட்டினால் இந்தக் கேடு ஓரிடத்தில் நிற்பதுகூட இல்லை, வண்டி போகிற வழியெல்லாம் டவருக்கு டவர் கூடவே போகும்.

போதாக்குறைக்கு, பல நேரங்களில் பூஸ்டர் நம் பிரச்சினைக்கு மருந்தே அல்ல. சிக்னல் எட்டாமல் போவது ஒன்று, எட்டியும் நெரிசலில் சிக்குவது வேறொன்று. ஆடித்தபசுத் திருவிழா நாளில் சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றிக் கூட்டம் அலைமோதும்போது போனில் கோடுகள் முழுதாக இருக்கும், ஆனால் ஒரு படம் அனுப்ப முடியாது. டவரால் ஒரே நேரத்தில் அத்தனை பேரைத் தாங்க முடியவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். அலையை எவ்வளவு பெருக்கினாலும் டவரின் கொள்ளளவு கூடாது, இரைச்சல் சேர்வதால் இன்னும் குறையலாம். அதற்கு மருந்து, திருவிழாக் காலத்தில் நிறுவனங்கள் வண்டியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக டவர். அதைக் கேட்டுப் பெறவேண்டியது மாவட்ட நிர்வாகமும் நகராட்சியும்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சரி என்பது இங்கே மட்டும் ஏன் தவறு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2013-இல் விதி வகுத்து, சான்று பெற்ற பூஸ்டர்களை மட்டும் அனுமதித்தது. ஊளையிடத் தொடங்கினால் கருவி தானே அடங்கவேண்டும், வாங்கியவர் தம் செல்போன் நிறுவனத்தில் பதிவு செய்யவேண்டும் என்பவை நிபந்தனைகள். பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018-இல் வீட்டுக்குள் நிலையாக வைக்கும் சில வகைகளுக்கும், வண்டிகளில் குறைந்த பெருக்கத்தோடு இயங்குபவற்றுக்கும் வழிவிட்டது. அந்த நாடுகளும் கண்ட பெட்டியையும் அனுமதிக்கவில்லை, அளவு வைத்துத்தான் அனுமதித்தன. நம் நாட்டில் தனிநபருக்கு அப்படியொரு சான்று முறையே இல்லை. எனவே இங்கே மலிவாக வரும் பெட்டியை அங்குள்ள கருவியோடு ஒப்பிட முடியாது. அதுபோன்ற சான்று முறை இந்தியாவுக்கும் வேண்டும் என்று கேட்பது சரியான கோரிக்கை, கேட்கவும் வேண்டும். ஆனால் விதி மாறும் முன்பே மாறிவிட்டதுபோல நடந்துகொள்வது வேறு.

‘அவசரத்துக்கு என்ன செய்வது?’ என்பது அடுத்த கேள்வி. சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் இருக்கின்றன, செலவும் குறைவு. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போனின் அமைப்பில் வைஃபை காலிங்கை இயக்கிவிட்டால் போதும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. அதன்பின் தகரக் கூரையோ கான்கிரீட்டோ தடையில்லை, பேச்சு இணைய இணைப்பு வழியே போய்விடும். வண்டிக்கோ தறிக்கூடத்துக்கோ, ஒப்புதல் பெற்ற 4ஜி ரவுட்டரை ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைத்து உள்ளே வைஃபையாகப் பயன்படுத்தலாம். செல்போன் நிறுவனத்தின் அலைவரிசையை அது திரும்ப ஒலிபரப்புவதில்லை, உரிமம் தேவைப்படாத வைஃபை அலைவரிசையில் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில், உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112-ஐ அழைக்க முடியும். இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை இருக்கிறது. எந்த நிறுவனம் உங்கள் தெருவில் எட்டுகிறது என்பதையும் யூகிக்கவேண்டியதில்லை. சேவை கிடைக்கும் பகுதிகளின் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024-ஆம் ஆண்டு சேவைத்தர விதிமுறை நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு பலரிடம் உண்டு. பெரும்பாலும் அது வாய்ப்பேச்சோடு நின்ற புகாரைப் பற்றிய சலிப்பு. உங்கள் நிறுவனத்தின் புகார் மையமான 198-ஐ அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடம், எந்த நேரம், உள்ளே எத்தனை கோடு, வெளியே எத்தனை கோடு என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தீர்வு வராவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் கட்டணமின்றி முறையிடலாம், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் ப்ரீபெய்டுக்குக் கூடுதல் நாளும் தரவேண்டும் என்பதும் 2024 விதிமுறையில் இருக்கிறது. இதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். செல்போன் வழக்குகள் அங்கே செல்லாது என்று ஒரு காலத்தில் நிறுவனங்கள் வாதாடின. வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. ஏற்கெனவே பூஸ்டர் வாங்கி ஏமாந்தவர்கள் உடனே அதைக் கழற்றிவிட்டு, உரிமம் தேவை என்பதை மறைத்து விற்றவர்மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இதில் நம் பங்கும் ஒன்று இருக்கிறது. டவர் வேண்டாம் என்று தெருவே திரண்டு எதிர்த்துவிட்டு, சிக்னல் இல்லை என்று வீட்டுக்கு வீடு பூஸ்டர் தேடுவது முரண். இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான உச்சவரம்பு 2012 செப்டம்பர் முதல் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. ஐயமிருந்தால் அரசின் தரங் சஞ்சார் தளத்தில் பதிந்து அளந்து பார்க்கச் சொல்லலாம். டவர் தொலைவில் இருந்தால் போன் கூடுதல் சக்தியோடு அலை அனுப்பவேண்டியிருக்கிறது என்பதையும், அந்தப் போன் நம் காதோடு ஒட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஒரு தெருவில் பத்துப் பேர் தனித்தனியே பூஸ்டருக்குச் செலவழிக்கும் பணத்தால் அந்தத் தெருவின் சேவை கெடுகிறது. அதே பத்துப் பேர் புகார் எண்களைத் திரட்டி, வார்டு உறுப்பினர் வழியாகவும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் ஒரே மனுவாகக் கொடுத்தால், அந்தத் தெருவில் தன் சிக்னல் எட்டவில்லை என்பதை நிறுவனம் மறுக்க முடியாது. கொடுத்த காசுக்கு உரிய சேவையைக் கேட்டுப் பெறுவதுதான் உரிமை. பூஸ்டரில் செலவழிப்பது அதே சேவைக்கு இரண்டாவது முறை காசு கொடுப்பது, அதோடு வழக்கையும் விலைக்கு வாங்குவது.