இரவல் புள்ளியும் சொந்தக் கோடும்

கலைகளை அறுபத்து நான்கு என எண்ணிக் கூறுவது நம் முன்னோர் மரபு. எண் எதுவாயினும் எல்லாக் கலைகளுக்கும் அடிப்படை ஒன்றே. மனிதன் தன் உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி, துயர், வியப்பு ஆகியவற்றுக்குப் பிறர் காணவும் கேட்கவும் தக்க வடிவம் கொடுக்கின்றான். அவ்வடிவமே கலை எனப்படும். ஆதலின் கலை மேடையேறியவர்களுக்கு மட்டுமே உரிய சொத்தன்று. வாசலில் கோலமிடும் தாய்க்கும், ஓவியத்தாளில் வண்ணம் தீட்டும் சிறுவனுக்கும், வேலை முடிந்த மாலையில் பாட்டுக் கட்டும் தொழிலாளிக்கும் அது உரியதே.

எனினும், பிள்ளை ஒன்று படம் வரைந்து பெரியவர்களிடம் காட்டும்போது இருவகை விடைகளைக் கேட்பதுண்டு. "இது பார்த்து வரைந்ததுதானே!" என்பது ஒன்று. "மாதிரியில் உள்ளது போல் இல்லையே!" என்பது மற்றொன்று. முன்னது இரவல் வாங்கியதைக் குறை கூறுகின்றது. பின்னது வாங்கியதை மாற்றியதைக் குறை கூறுகின்றது. இரண்டையும் கேட்ட பிள்ளை எந்தப் பக்கம் செல்லும்? வண்ணப் பென்சில்களைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடும். அவ்வாறு மூடிய பெட்டியை மறுபடியும் திறப்பது எளிதன்று. எனவே, இரவல் பெறுதலும் அதனை மாற்றுதலும் கலைக்குப் பகையா, துணையா என்பதைச் சில சான்றுகள் கொண்டு ஆராய்வோம்.

வாசற்கோலம் காட்டும் வழி

நாள்தோறும் பிறந்து நாள்தோறும் மறையும் கலை கோலம். அதனைத் தாயிடமோ, பாட்டியிடமோ, எதிர்வீட்டு அக்காளிடமோ பார்த்துக் கற்பதே வழக்கம். பலர் கோல நோட்டு ஒன்று வைத்திருப்பர். அதிலுள்ளவற்றுள் பல, பிறர் நோட்டைப் பார்த்து வரைந்துகொண்டவையே. ஆகவே கோலம் தொடக்கத்திலேயே இரவல்தான்.

மாணவச் செல்வங்களே! ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். "7 புள்ளி, இடைப்புள்ளி, 4 வரை" என்று நோட்டில் எழுதியிருந்தால், நடு வரிசையில் 7 புள்ளிகள் வைக்க வேண்டும். அதற்கு மேலே 6, 5, 4 என்றும், கீழேயும் 6, 5, 4 என்றும் குறைத்துக்கொண்டே செல்ல வேண்டும். ஆக மொத்தம் 37 புள்ளிகள். ஊரில் சாணம் தெளித்த முற்றத்தில் இதனை விரிவாக இடலாம். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் அவ்வளவு இடம் இல்லையெனில் என் செய்வது? "5 புள்ளி, இடைப்புள்ளி, 3 வரை" என்று குறைத்துக்கொண்டால் 19 புள்ளிகளே போதும். ஆனால் 37 புள்ளிக் கோலத்தின் கோடுகளை அப்படியே 19 புள்ளிகளுக்குள் அடக்க இயலாது. எந்த வளைவை விடுவது, எதனை எதனோடு இணைப்பது என்பதை இடுபவரே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு பிறக்கும் இடத்திலேதான் இரவற்கோலம் சொந்தக் கோலம் ஆகின்றது.

பொருளும் அவ்வாறே மாறுகின்றது. பச்சரிசி மாவு இல்லாத இடத்தில் சாக்குக்கட்டி உதவுகின்றது. சிமெண்டுத் தரையில் ஈரமாவுக் கோலம் எடுப்பாக விளங்குகின்றது. தரையில் இட இயலாதவர் பலகையில் இட்டுச் சுவரோரம் சாய்த்து வைக்கின்றனர். கோடு சற்றே பிசகினால் தேர்ந்த கைகள் அதனை அழிப்பதில்லை. மறுபுறமும் அதேபோல் ஒரு வளைவைக் கூட்டிப் பிசகையே இலையாக்கி விடுகின்றன.

இக்கலையின் நுட்பத்தைக் கணித அறிஞர்களும் வியந்து ஆராய்ந்துள்ளனர். சென்னைத் தாம்பரத்திலுள்ள கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, அவர்தம் துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டில் கோலத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலவே கோலத்துக்கும் விதிகள் அமைக்கலாம் என்பதையும், சிறு வடிவங்களிலிருந்து பெருங்கோலங்களை வளர்க்கலாம் என்பதையும் அத்தகைய ஆய்வுகள் காட்டின. மொழி இலக்கணம் அனைவருக்கும் பொது. அதைக்கொண்டு நாம் பேசும் பேச்சோ அவரவர்க்குச் சொந்தம். கோலமும் அத்தகையதே. புள்ளி பொது, கோடு சொந்தம்.

தாலாட்டும் மனோதர்மமும்

செவிக்கு இனிய கலைகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். தாலாட்டின் மெட்டு தாய்க்குத் தாய் வழிவழியாக வருவது. அம்மெட்டில் ஒவ்வொரு தாயும் தன் குழந்தையின் பெயரையும், மாமன் கொண்டுவரும் சீரையும், தன் ஊரையும் பொருத்திப் பாடுகின்றாள். தொட்டிலின் ஆட்டத்துக்கு ஏற்பச் சொற்கள் அங்கேயே, அப்பொழுதே பிறக்கின்றன. மெட்டு இரவல் என்பதற்காக அந்தத் தாயின் அன்பை இரவல் என்று எவரேனும் கூறுவரோ?

அந்தந்த நேரத்தில் உள்ளத்திலிருந்து புனைந்து பாடுவதற்குக் கருநாடக இசையில் "மனோதர்மம்" என்று பெயர். பாடகர் ஒருவர், வேறொருவர் இயற்றிய பாடலைப் பாடுகின்றார். அதன் ஓர் அடியை எடுத்துக்கொண்டு, ராகத்தின் எல்லைக்குள் தாமே கற்பனைச் சுரங்களை அடுக்குகின்றார். பின்னர்த் தாளம் தவறாமல் எடுத்த அடிக்கே வந்து சேருகின்றார். அவையோர் கைதட்டி மகிழ்வது அந்நேரத்தில்தான். நேற்றுப் பாடிய சுரம் இன்று வருவதில்லை. ஆயினும் இந்த உரிமை பயிற்சியின்றிக் கிட்டுவதன்று. ராகத்தையும் தாளத்தையும் பல்லாண்டு பயின்றவருக்கே அந்நேரத்துக் கற்பனை துணை நிற்கும்.

கடல் கடந்து வந்த பிடில்

இரவல் நம்மவர்க்குள் மட்டும் நிகழ்வதன்று. நாடு விட்டு நாடும் நிகழும். இன்று கருநாடக இசைக் கச்சேரிகளில் தவறாது இடம்பெறும் பிடில் ஐரோப்பியர் கருவியாகும். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்னர், முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனை ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் கற்று, நம் இசைக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரும் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களைப் பொருத்தி ஏறத்தாழ 40 பாடல்களை இயற்றினார். அவை "நோட்டுசுவரங்கள்" எனப்படும்.

கருவியை வாங்கிய நம் கலைஞர்கள் அதனை வாசிக்கும் முறையை மாற்றிக்கொண்டனர். ஐரோப்பியர் பிடிலை மோவாய்க்கும் தோளுக்கும் இடையே இடுக்கி வாசிப்பர். நம்மவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, பிடிலின் தலைப்பகுதியை வலக்காலின் மேலும், அடிப்பகுதியை மார்பின் மேலும் சாய்த்துக்கொள்வர். இதனால் இடக்கை கருவியைத் தாங்க வேண்டிய வேலையிலிருந்து விடுபடுகின்றது. கமகங்களை இழைக்க விரல்கள் தந்தியின் மேல் தடையின்றி வழுக்கிச் செல்கின்றன. தந்திகளின் சுருதியும் நம் இசைக்கேற்ப மாற்றப்பட்டது. வாங்கியது மரமும் தந்தியும். கூட்டியது நம் இசை.

சிங்கப்பூரில் பிறந்த பட்டாம்பூச்சிகள்

பல இனத்தார் அடுத்தடுத்து வாழும் சிங்கப்பூரில் இத்தகைய கொடுக்கல் வாங்கலுக்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. நடனமணி சாந்தா பாஸ்கர் 1955ஆம் ஆண்டில் கேரளத்திலிருந்து இங்கு வந்தவர். அவர்தம் கணவர் கே. பி. பாஸ்கர் 1952ஆம் ஆண்டிலேயே இங்கு நடனப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1958ஆம் ஆண்டில் சாந்தா பாஸ்கர் சீனர்களின் பழங்கதை ஒன்றைப் பரதநாட்டியமாக அமைத்தார். ஆண் வேடம் பூண்டு கல்வி கற்கச் செல்லும் ஒரு பெண்ணும், அவளோடு பயிலும் இளைஞனும் அன்பு கொள்கின்றனர். வாழ்வில் இணைய முடியாத அவர்கள் இறந்தபின் பட்டாம்பூச்சிகளாகிப் பறக்கின்றனர் என்பது அக்கதை.

கதை அண்டை வீட்டாருடையது. முத்திரைகளும் அடவுகளும் பரதத்துக்கு உரியவை. இரண்டையும் இணைத்த எண்ணமோ சாந்தா பாஸ்கருடையது. சீனக் குடும்பத்தார் தம் கதையை அடையாளம் காணவும், தமிழ்க் குடும்பத்தார் தம் நடனத்தை அடையாளம் காணவும் அவ்வரங்கு இடமளித்தது. 1990ஆம் ஆண்டில் அவருக்குச் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை.

துவாஸ் என்னும் பெயர்

நிற்க. நம் துவாஸ் வட்டாரத்தின் பெயரே கைக்குக் கிட்டியதைக் கொண்டு வழி காணும் திறமைக்கு ஒரு சான்றாகும். முற்காலத்தில் இது மீனவர் சிற்றூராக இருந்தது. மலாய் மீனவர்கள் தென்னை ஓலைகளையும் மரக்கிளைகளையும் கடல்நீரில் இட்டு நிழல் உண்டாக்குவர். நிழலை நாடி மீன்கள் கூடியதும் வலையைத் தூக்குவர். அம்முறையின் பெயரிலிருந்தே "துவாஸ்" என்னும் பெயர் வந்தது என்பர். இன்று கடல் தூர்க்கப்பட்டுத் தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் எழுந்துள்ளன. 2022ஆம் ஆண்டில் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. காட்சி மாறினாலும் இங்கு உழைப்போரின் உள்ளத்தில் சொல்ல விரும்பும் செய்திகள் குறையவில்லை.

சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கெனக் கவிதைப் போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர்த் தமிழ்த் தொழிலாளர்களும் அதில் தம் கவிதைகளைப் படைத்தனர். பகலெல்லாம் இரும்போடு உழைக்கும் கைகள் இரவில் எழுதுகோலையும் பிடிக்கும் என்பதை அப்போட்டி ஊரறியச் செய்தது.

இரவலும் களவும்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். இரவல் தக்கதாயின், பிறர் படைத்ததை நம்முடையது என்று கூறிக்கொள்ளலாமா? கூடவே கூடாது. இரவல் வாங்கியவர் கொடுத்தவரை மறைப்பதில்லை; மறைத்தால் அது களவாகிவிடும். சீனக்கதையைச் சீனக்கதை என்று சொல்லியே ஆடுவதுதான் பெருமை. பாடகர் கற்பனைச் சுரம் பாடினாலும், பாடலை இயற்றியவரின் பெயரை மறைப்பதில்லை. எனவே ஒரு படைப்பைச் செய்தவர் மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும். யாரிடமிருந்து பெற்றேன்? எதனை மாற்றினேன்? ஏன் மாற்றினேன்? மூன்றாவது வினாவின் விடையிலேதான் அவரவர் உள்ளம் வெளிப்படுகின்றது.

நாம் செய்ய வேண்டுவன

மாணவர்களே! நல்ல ஓவியத்தைக் கண்டால் அதனைப் பார்த்து வரையுங்கள், வெட்கப்பட வேண்டா. முதல் முறை உள்ளவாறே வரையுங்கள். இரண்டாம் முறை நீங்கள் கண்ட ஒன்றை அதில் சேருங்கள். மாதிரியில் மலையும் ஆறும் இருந்தால், நீங்கள் துவாஸில் காணும் பாரந்தூக்கியையும் கப்பலையும் அங்கு வையுங்கள். தாளின் ஓரத்தில் மாதிரி வரைந்தவரின் பெயரையும் குறித்திடுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளையின் படத்தில் வானம் பச்சையாக இருந்தால் உடனே திருத்த வேண்டா. "ஏனப்பா பச்சை?" என்று அன்போடு கேளுங்கள். மழைக்கு முந்திய வானம் தனக்கு அவ்வாறு தோன்றியது எனப் பிள்ளை கூறலாம். நீல வண்ணம் தீர்ந்துவிட்டது என்றும் கூறலாம். இரண்டுமே நல்ல விடைகள்தாம். முதல் விடையில் பார்வை உள்ளது. இரண்டாவதில் இருப்பதைக் கொண்டு செய்து முடிக்கும் சமயோசிதம் உள்ளது.

தொழிற்பேட்டையில் உழைக்கும் அன்பர்களே! இரும்புத் தகட்டில் அளவு குறிக்கும் சாக்குக்கட்டி உங்கள் கையில் இருக்கின்றது. ஊரில் கேட்ட தெம்மாங்கு மெட்டு நெஞ்சில் இருக்கின்றது. ஓய்வு நாளில் தேக்காவுக்குச் சென்று திரும்பும் வழியில் கண்டவற்றை அம்மெட்டில் பொருத்திப் பாருங்கள். ஊரிலிருக்கும் உங்கள் பிள்ளைக்கு அனுப்பும் பணத்தோடு, உங்கள் கையால் வரைந்த ஒரு படமும் சென்று சேரட்டும். தந்தை வேலை செய்யும் இடம் எத்தகையது என்பதை அப்பிள்ளை அதில் கண்டுகொள்ளும்.

மொழியை நாம் எவரும் படைக்கவில்லை; தாயிடம் பெற்றோம். அதைக்கொண்டே நம் எண்ணங்களைப் பேசுகின்றோம். கலையும் அவ்வாறு கைமாறி வருவதே. பெற்றதை மதித்துப் பயில்வோம். நம் உள்ளம் கூட்டச் சொல்வதை அஞ்சாமல் கூட்டுவோம். அடுத்தவர் இரவல் கேட்டால் மகிழ்ந்து கொடுப்போம். வளர்க நம் கலைகள்!