நீறு பூத்த நெருப்பும் வாக்குவம் கிளீனரும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்திற்கு வழி பிரியும் இடம் கூட்டேரிப்பட்டு. இதுபோன்ற சாலைச் சந்திப்புகளில் இரவு நெடுநேரம் உணவகங்களின் அடுப்பு எரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்பிமேல் கோழியை வாட்டும் கிரில் அடுப்புக்கும், ரொட்டி சுடும் தந்தூரி அடுப்புக்கும் பெரும்பாலும் அடுப்புக்கரிதான் எரிபொருள். விடிந்ததும் யாராவது ஒருவர் குனிந்து சாம்பலை அள்ளியாக வேண்டும். துடைப்பத்தால் கூட்டும்போது எழும் வெண்மேகம் முதலில் அவருடைய மூக்கில்தான் நுழைகிறது.

இதற்கு ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கிவிட்டால் என்ன? வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் இயற்பியல் அடங்கியிருக்கிறது. தவறான கருவியை வாங்கினால் சாம்பல் அறை முழுவதும் பரவும். கருவியே தீப்பற்றவும் கூடும்.

முதலில் சாம்பலைப் பற்றிப் பார்ப்போம். சாம்பல் துகள்கள் ஒரே அளவானவை அல்ல. மணல் போன்ற பருந்துகளும் உண்டு. கண்ணுக்கே தெரியாத நுண்துகளும் உண்டு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (1 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காற்றில் விழும் சிறு துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஸ்டோக்ஸ் விதியை மேல்வகுப்பில் படிப்பீர்கள். தண்ணீரைப்போல் இருமடங்கு அடர்த்தியுள்ள ஒரு துகளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 10 மைக்ரான் துகள், நிற்கும் மனிதனின் மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ சுமார் 7 மணி நேரம்! அதுவும் காற்று அசையாமல் இருந்தால்தான். காலையில் கிளப்பிய தூசியை மதியம் சாப்பிட வருபவரும் சுவாசிக்கிறார். நுரையீரலின் ஆழம்வரை செல்வதும் இந்த நுண்துகளே.

இனி கருவிக்கு வருவோம். 1901-ஆம் ஆண்டு லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதி விரட்டும் ஓர் இயந்திரத்தைக் கண்டார். ஊதினால் தூசி இடம்தானே மாறும், உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஓர் உணவகத்தில் மெத்தை நாற்காலிமேல் கைக்குட்டையை விரித்து, அதில் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். தொண்டையில் தூசி அடைத்து இருமினார். ஆனால் கைக்குட்டையின் அடிப்புறத்தில் அழுக்கு படிந்திருந்தது. உறிஞ்சுவது, வடிகட்டுவது என்ற இரண்டு வேலைகளும் அந்த ஒரு சோதனையிலேயே இருந்தன. விளம்பரங்களோ இன்றும் முதல் வேலையைப் பற்றியே அதிகம் பேசுகின்றன.

உண்மையில் உறிஞ்சுதல் என்று தனியாக ஒரு விசை கிடையாது. மின்விசிறி உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியிலுள்ள காற்று மண்டலம் தூசியை உள்ளே தள்ளுகிறது. வீட்டுக் கருவி ஒன்று வளிமண்டல அழுத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். இலேசான சாம்பலுக்கு அதுவே தாராளம். ஆகவே வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், வடிகட்டியைப் பாருங்கள்.

வடிகட்டி என்றதும் சல்லடை நினைவுக்கு வரும். ஓட்டையைவிடப் பெரியது நிற்கும், சிறியது போய்விடும் என்று எண்ணுவோம். நுண்தூசி வடிகட்டி அப்படி வேலை செய்வதில்லை. அது மெல்லிய இழைகளின் காடு. இழைகளுக்கிடையே உள்ள வெளி பல துகள்களைவிடப் பெரியது! பிறகு எப்படிப் பிடிக்கிறது?

பேருந்து சட்டென்று வளையும்போது நீங்கள் நேராகவே சாய்கிறீர்கள் அல்லவா? காற்று இழையைச் சுற்றி வளையும்போது பெரிய துகளும் அவ்வாறே நிலைமத்தால் நேராகச் சென்று இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகளின் கதை வேறு. காற்று மூலக்கூறுகள் அதை நாற்புறமும் இடித்துத் தள்ளுகின்றன. அது கள்வெறி கொண்டவன்போல் தள்ளாடி, ஏதாவது ஓர் இழையைத் தொட்டுவிடுகிறது. இதுவே பிரௌனியன் இயக்கம். இடைப்பட்ட துகள்தான் தப்பிக்கும் கில்லாடி. மோதுவதற்குப் போதிய நிறை அதற்கு இல்லை. தள்ளாடும் அளவுக்குச் சிறியதும் அல்ல. அதன் அளவு ஏறத்தாழ 0.3 மைக்ரான். அதைவிடச் சிறியதைப் பிடிப்பது எளிது என்பது வியப்பல்லவா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இர்விங் லாங்மூர் இதை ஆராய்ந்தார். அந்த 1940-களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைத் தடுக்க உருவான வடிகட்டியின் வழிவந்ததே இன்றைய ‘ஹெப்பா’. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். பலவீனமான இடத்தில் சோதித்து அளிக்கும் மதிப்பெண் அது.

வடிகட்டியின் பரப்பும் முக்கியம். நொடிக்கு 30 லிட்டர் காற்று, 20 செ.மீ. விட்டமுள்ள தட்டையான துணி வழியே சென்றால் அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். புடவைக் கொசுவம்போல் மடித்து 0.6 சதுர மீட்டர் பரப்பை உள்ளே அடக்கினால் அந்த வேகம் 5 செ.மீ.தான். தடையும் குறையும், அடைப்பும் தாமதமாகும். அடைத்துக்கொண்டால் மோட்டாரின் ஓசை கீச்சென்று உயர்வதைக் கேட்டிருப்பீர்கள். சுமை கூடியதால் அல்ல. தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் சுமை குறைந்து அது வேகமாகச் சுற்றுகிறது. குளிர்விக்கும் காற்றும் இல்லாததால் சூடேறுகிறது.

ஆனால் சாம்பலை நேரே ஹெப்பாவுக்கு அனுப்பினால் சீக்கிரமே அடைத்துவிடும். அதற்கு முன்னால் ஒரு சுழல்கலம் தேவை. அரிசி ஆலைகளில் கூம்பு வடிவத் தகரக் கலம் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். காற்று அதில் சுழலும்போது தவிடும் உமியும் சுவரில் மோதிக் கீழே இறங்கும். 10 செ.மீ. ஆரத்தில் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சுழலும் துகளின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 200 மடங்குக்கும் அதிகம். களத்தில் நெல் தூற்றும்போது புவியீர்ப்பு மெதுவாகச் செய்யும் வேலையைத்தான் இது விரைவாகச் செய்கிறது. மலைமலையாய்ச் சாம்பல் வரும் நெய்வேலி அனல்மின் நிலையங்களில் இதுவும் போதாது. அங்கே துகள்களுக்கு மின்னூட்டம் அளித்துத் தகடுகளில் இழுத்துப் பிடிக்கிறார்கள்.

இனி ஆபத்தான பகுதி. ‘நீறு பூத்த நெருப்பு’ என்று நம் பெரியோர் சொன்னது வெறும் உவமை அல்ல. சாம்பல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. காற்றையும் மிகச் சிறிதே உள்ளே விடும். ஆகவே உள்ளே புதைந்த கங்கு மெல்ல மெல்ல நாட்கணக்கில் உயிரோடிருக்கும். மேலே தொட்டால் குளிர்ச்சி, உள்ளே தணல். அதை வாக்குவம் கிளீனர் இழுத்தால் என்ன ஆகும்? கொல்லன் துருத்தியால் ஊதுகிறான். இங்கே மின்விசிறி இழுக்கிறது. கங்குக்கு இரண்டும் ஒன்றே. வேகமாக வரும் ஆக்சிஜனில் அது சிவந்து, காகிதப் பையையும் பிளாஸ்டிக் குழாயையும் பற்றவைக்கும். வீட்டுக் கருவியை அடுப்படிக்குக் கொண்டுவரக் கூடாது என்பது இதனால்தான்.

சாம்பலுக்கென்றே செய்த கருவிகளில் கலம் இரும்பால் ஆனது, குழாயும் உலோகம், வடிகட்டி எளிதில் தீப்பற்றாதது. அப்படியும் பல தயாரிப்பாளர்கள் 40 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான சாம்பலையே இழுக்கச் சொல்கிறார்கள். இவற்றில் சில நுண்துகளைக் கோட்டைவிடும்; ஹெப்பாவும் கூடவே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். நீரில் குமிழியிட்டு வடிகட்டும் கருவிகளும் உண்டு. குமிழிக்குள் ஒளிந்த நுண்தூசி நீரைத் தொடாமலேயே வெளியேறிவிடும் என்பதால் அவற்றில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மேலும், ஈரச் சாம்பல் ஒரு காரப்பொருள், அலுமினியத்தை அரிக்கும்.

உணவகக்காரர் ஒருவர் என்னைக் கேட்டால், முதலில் நீண்ட பிடியுள்ள கரண்டியும் மூடியுள்ள இரண்டு இரும்புத் தகர டின்களும் வாங்கச் சொல்வேன். கங்குள்ள சாம்பலைக் கரண்டியால் மெதுவாக அள்ளி, ஒரு டின்னில் மூடி, கூரைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அது ஆறுவதற்குள் இரண்டாவது டின் பயன்படும். அடுப்பு முற்றிலும் ஆறியபின் ஒட்டியிருக்கும் பொடிக்கு மட்டுமே கருவி. கலத்தைக் காலி செய்யும்போது என்-95 முகமூடி அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.

வாங்கிய கருவியைச் சோதிப்பதும் எளிதே. இருட்டிய அறையில் ஆறிய சாம்பல் ஒரு பிடியை இழுக்க விடுங்கள். காற்று வெளிவரும் துளைக்குக் குறுக்கே டார்ச் விளக்கை அடித்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒளிக்கற்றையில் புகைபோல் ஏதேனும் மினுங்கினால், டிண்டால் விளைவு உங்களுக்குச் சாட்சி சொல்கிறது: வடிகட்டி கசிகிறது. பெரும்பாலும் தவறு வடிகட்டித் துணியில் இராது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சரியாக அமரவில்லை என்று பொருள். கழற்றித் துடைத்து, அழுத்திப் பொருத்தி, மறுபடியும் டார்ச்சை அடியுங்கள்.