பையில் மருந்து இருக்கிறது, படிவம் எங்கே?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் நர்ஸாக இருக்கிறேன். போன செப்டம்பரில் ஒரு தமிழ்ப் பையன் வீசிங்கோடு என் அறைக்கு வந்தான். பையைத் திறந்தால் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஹேலர். டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லை. அம்மாவைப் போனில் பிடித்தேன். "நீங்க நர்ஸ்தானே மேடம், ரெண்டு பஃப் குடுத்துடுங்களேன்" என்றார். கொடுக்க முடியாது. 911-ஐ அழைத்தோம், ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் பையனுக்கு மருந்து கிடைத்தது.

வருடா வருடம் இதையே பார்க்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் டாக்டரின் எழுத்துமூல உத்தரவும் பெற்றோர் சம்மதமும் இல்லாமல் பள்ளி நர்ஸ் பொதுவாக எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. சீட்டில்லாமல் கடையில் வாங்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் இதுதான் விதி. 1902-ல் லினா ராஜர்ஸ் இந்த ஊர்ப் பள்ளிகளுக்கு முதல் நர்ஸாக வந்தபோது பேன், சொறி, கண்நோய் பார்ப்பதுதான் வேலை. எனக்குப் பாதி நாள் காகிதத்தோடு போகிறது. ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் என் கை அசையாது.

அதன் பெயர் மெடிகேஷன் அட்மினிஸ்ட்ரேஷன் ஃபார்ம்; சுருக்கமாக எம்.ஏ.எஃப். ஆஸ்துமா, அலர்ஜி, சர்க்கரை, வலிப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. மற்ற மருந்துகளுக்குப் பொதுப் படிவம். பள்ளி அலுவலகத்திலோ நர்ஸிடமோ கேட்டு வாங்குங்கள். டாக்டர் நிரப்பும் பக்கத்தில் அவருடைய நியூயார்க் லைசென்ஸ் எண் வேண்டும். கோயம்புத்தூர் டாக்டரின் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பயனில்லை. மருந்தை நர்ஸ் கொடுப்பதா, பெரியவர் பார்க்கப் பிள்ளையே போட்டுக்கொள்வதா, பிள்ளை தானே வைத்திருந்து போட்டுக்கொள்வதா என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை டாக்டர் குறித்தே ஆகவேண்டும். அவசரத்தில் இருக்கும் டாக்டர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். அடுத்தது பெற்றோர் பக்கம். அங்கே கையெழுத்து உங்களுடையது. டாக்டர் போட்டால் போதும் என்று நினைத்து அதை வெறுமையாகவே அனுப்புகிறவர்கள் எத்தனையோ பேர்!

ஒரு கட்டம் விட்டுப்போனாலும் படிவம் திரும்பும். அதை உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். படிவத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து நீங்களே கேளுங்கள்.

மருந்து, மருந்துக்கடை லேபிள் ஒட்டிய அசல் பெட்டியில் வரவேண்டும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சிரப்பை ஊற்றி அனுப்பியவர்களும் உண்டு; அதை நான் தொடமாட்டேன். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று இரண்டு இன்ஹேலர் எழுதித் தரச் சொல்லுங்கள். சுற்றுலா நாளில் நர்ஸ் கூட வருவார் என்ற உறுதி இல்லை. தானே போட்டுக்கொள்ள அனுமதி பெற்ற பிள்ளை என்றால் அன்று மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புவது உங்கள் பொறுப்பு.

கடலை அலர்ஜிக்குத் தனி மேசை, சர்க்கரை உள்ள பிள்ளைக்கு வகுப்பு நடுவே சாப்பிட அனுமதி போன்றவை வேண்டுமென்றால் எம்.ஏ.எஃப். போதாது. 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் (Rehabilitation Act) 504-ஆம் பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் 504 கோஆர்டினேட்டர் ஒருவர் இருப்பார். அலுவலகத்தில் 'தெரியாது' என்றால் நகர்ந்துவிடாதீர்கள், பெயரைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்பது சலுகை அல்ல, உரிமை. ஆங்கிலம் தடுமாறினால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அதற்குக் காசு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், போன வருடப் படிவம் இந்த வருடம் செல்லாது. அடுத்த கல்வியாண்டுக்கானதை ஜூன் 1-க்குள் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் பள்ளி திறக்கும்போது உத்தரவு தயாராக இல்லாமல் போகலாம். பள்ளி திறக்கிற செப்டம்பரில் ஆஸ்துமா அதிகமாகத் தலைதூக்கும்.

அந்தப் பையனின் படிவம் நவம்பரில் வந்தது. பெற்றோர் கையெழுத்து இல்லை. திருப்பி அனுப்பினேன்.