இணையப் பாடங்களும் உம்மாவின் பொலித்தீன் பையும்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் தடித்த பொலித்தீன் பை ஒன்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வாப்பாவின் பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் அதற்குள்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உம்மா தொடங்கிய பழக்கம் இது. அன்று அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. அந்த நாளைப் பற்றிப் பேசும்போது உம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். பிறப்புச் சான்றிதழை மறுபடி எடுக்க முடிந்ததாம். அதன் பதிவு அரசாங்கத்திடம் இருந்தது. மூத்தம்மா கையால் எழுதி வைத்திருந்த கைமருந்துக் கொப்பியை எடுக்க முடியவில்லையாம். அது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கணினியைப் பற்றி எழுத வந்தவள் ஏன் சுனாமியில் தொடங்குகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். சென்ற வருடம் நானும் அப்படியொரு ஒற்றைக் கொப்பியை இழந்தேன். அலை எதுவும் வராமலே.

தரம் 10 மாணவிகளுக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மின்னோட்டம் பற்றி ஓர் இணையப் பாடம் தயாரித்தோம். படம், குரல், இறுதியில் வினாக்கள். வெளியிட்டு, எல்லோரிடமும் பாராட்டும் வாங்கிய பிறகு, பல்கலைக்கழகத்தில் படிக்கும் சாச்சியின் மகள் ராத்தாவிடம் பார்க்கக் கொடுத்தேன். மறுநாள் அழைப்பு வந்தது. 6 வோல்ட் மின்கலத் தொகுதியுடன் 2 ஓம் தடையை இணைத்தால் ஓட்டம் எவ்வளவு? விடை 3 அம்பியர். எங்கள் பாடமோ 12 என்று சொன்ன பிள்ளையைக் கைதட்டி வாழ்த்தியது. 3 என்றவளுக்குச் சிவப்பு அடையாளம் போட்டது.

ஒரு இலக்கத்தை மாற்றினால் போதும். ஆனால் பாடத்தைத் தயாரித்த மடிக்கணினி அதற்கு முந்திய வாரமே செயலிழந்திருந்தது. எங்களிடம் இருந்தது வெளியிட்ட கோப்புறை மட்டும். அதற்குள் புகுந்து திருத்தப் பார்த்தோம். எந்த வரி எதற்கென்று புரியவில்லை. முழுப் பாடத்தையும் மறுபடி செய்ய ஒன்பது நாட்கள் போயின.

இங்கேதான் நான் விளங்கிக்கொண்ட முதல் விடயம் இருக்கிறது. வட்டிலப்பம் அவித்து முடிந்த பிறகு இனிப்பு கூடிவிட்டது என்று சர்க்கரையை வெளியே எடுக்க முடியுமா? அடுத்த முறைக்கு அளவுக் குறிப்பு வேண்டும். வெளியிட்ட பாடம் அவித்த வட்டிலப்பம். ஆக்கும் மென்பொருளில் சேமித்த மூலக் கோப்புத்தான் அளவுக் குறிப்பு. ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் போன்ற மென்பொருளில் ஆக்கிய பாடம் வெளியிடப்பட்டதும் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகச் சிதறிவிடும். அவற்றிலிருந்து மூலத்தைத் திரும்பக் கட்டுவதற்கு நேர்வழி இல்லை. எச்5பி என்னும் இலவச வகை இதற்கு விலக்கு. அதன் ஒற்றைக் கோப்பைப் பதிவிறக்கி, லூமி போன்ற இலவசச் செயலியில் திறந்து திருத்தலாம். அப்பத்தோடு குறிப்பும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எங்கள் கழகம் இதற்கே மாறிவிட்டது.

மூலத்தை வைத்திருக்காதவர்கள் பட்ட பாட்டுக்குப் பெரிய உதாரணம் ஃப்ளாஷ். ஒரு காலத்தில் உலகெங்கும் அசையும் பாடங்கள் அதில்தான் செய்யப்பட்டன. 2020 டிசம்பர் 31இல் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கி ஓடவே மறுத்தது. மூலக் கோப்பு வைத்திருந்தவர்கள் புதிய வடிவத்தில் மறுபடி வெளியிட்டார்கள். மற்றவர்களின் பாடங்கள் வெற்றுக் கட்டமாகிவிட்டன.

பார்வையிடக் கொடுப்பதிலும் நுணுக்கம் உண்டு. முதலில் நான் 'இன்டெக்ஸ்' என்ற கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்தாவின் திரையில் வெள்ளைப் பக்கம். படங்களும் ஒலியும் வேறு கோப்புறைகளில் இருந்தன. வாசல் கதவை மட்டும் கழற்றி அனுப்பி வீட்டைப் பார் என்றிருக்கிறேன். முழுக் கோப்புறையையும் ஸிப் செய்து அனுப்ப வேண்டும். பெறுபவர் அதைப் பிரித்த பிறகே திறக்க வேண்டும். பிறகு கூகுள் டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். டிரைவ் கோப்பைக் காக்குமே தவிர இணையப் பக்கமாக ஓட்டாது. அந்த வசதியைக் கூகுள் 2016 ஆகஸ்ட்டோடு நிறுத்திவிட்டது. ஆகவே பாடத்தை ஓட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டும். மூடில் தளம் இருந்தால் மாணவிகளுக்குத் தெரியாத மறைந்த பாடநெறி ஒன்றைத் திறந்து, அங்கே ஸ்கோர்ம் பொதியாக ஏற்றி, பார்வையிடுபவரை மட்டும் உள்ளே விடலாம்.

எழுத்துரு இன்னொரு தொல்லை. எமது பகுதியில் பழைய குறிப்புகள் அநேகமாகப் பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ், ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ராத்தா அதைப் படம் பிடித்து அனுப்பி, "இது எந்த நாட்டுப் பாஷை?" என்று கேட்டார். யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் உண்மையான பிழைகள் அவர் கண்ணுக்குத் தெரிந்தன.

பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி இது. மூடில் தளத்தில் பாடநெறியைக் காப்பெடுக்கும்போது, பயனர்களையும் சேர்க்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். நிருவாகியின் கணக்கிலிருந்து எடுப்பவர் அதை அப்படியே விட்டால் மாணவிகளின் பெயர், மின்னஞ்சல், புள்ளிகள், எழுதிய விடைகள் எல்லாம் அந்த ஒற்றைக் கோப்புக்குள் போய்விடும். கல்லூரியின் சொந்தக் காப்புக்கு அது தேவை. வெளியார் ஒருவருக்குப் பார்வையிட அனுப்பும் பிரதியில் ஒருபோதும் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் உங்கள் மகளின் புள்ளிகள் யாருடைய பென் டிரைவிலோ சுற்றுவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். எங்கள் பாடத்தில் பிள்ளைகளின் குரல் இருந்ததால் அவர்களின் வீட்டாரிடம் அனுமதி கேட்டோம். ஒரு வாப்பா மறுத்தார். அவர் மகளின் பகுதியை வேறொருவர் வாசித்தார். அதில் எனக்கு வருத்தமில்லை.

இணைப்பைப் பகிரும்போதும் அப்படித்தான். பார்க்கலாம், கருத்துரைக்கலாம், திருத்தலாம் என்று மூன்று அனுமதிகள் உண்டு. பார்வையிடுபவருக்கு இரண்டாவதே போதும். 'இணைப்புள்ள எவரும் திருத்தலாம்' என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவது வீட்டுத் திறப்பைச் சந்தையில் வைப்பதற்குச் சமம்.

சரி, காப்பை எங்கே வைப்பது? 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இணையத்தில் தொடர்புபட்டிருந்த காப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு மீளவில்லை. காப்பு இருப்பது மட்டும் போதாது, அது தனியே இருக்க வேண்டும் என்பதை எனக்கு விளக்கிய சம்பவம் இது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இதைத்தான் சொல்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். கல்முனையில் ஒன்றும் சாய்ந்தமருதில் ஒன்றும் வைத்தால் அது இரண்டு ஊரல்ல. கடலுக்கு அது ஒரே கரை.

எங்கள் ஏற்பாடு எளியது. மூலக் கோப்பும் வெளியிட்ட பொதியும் எப்போதும் சேர்ந்தே இருக்கும், பெயரில் திகதியோடு. 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று பெயர் வைத்த காலம் போய்விட்டது. ஒரு பிரதி கல்லூரிக் கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று ராத்தா படிக்கும் கண்டியில். தவணைக்கொரு முறை வேறொரு கணினியில் அதைத் திறந்து பார்க்கிறோம். மூடில் காப்பை எடுத்த பதிப்பைவிடப் பழைய பதிப்பில் மீட்க முயன்றால் பெரும்பாலும் சிக்கல் வரும் என்பதை அப்படித்தான் கண்டோம்.

பென் டிரைவை உம்மாவின் பையில் வைக்க இடம் கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நனஞ்சா வேற ஒண்டு இரிக்கா மகள்?"

இருக்கிறது என்றேன். பையைத் திறந்து தந்தார்.