வேர் விடும் அழைப்பு

பிரம்மதேசம் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினால் வேரெங்கும் கடுகுபோல முடிச்சுகள். ஒன்றை நசுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு அது. விதையில் கஞ்சியோடு ரைசோபியம் கலந்து நிழலில் உலர்த்துவதும் இவற்றுக்காகத்தான்.

மல்லாட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த சோயா, இவற்றைக் கூப்பிட்டு வரவழைக்கிறது. ஜெனிஸ்டீன், டைட்சீன் என்ற ஐசோஃபிளேவோன்களை அதன் வேர் மண்ணில் கசியவிடும். அவை பட்டதும் பாக்டீரியாவில் முடிச்சு உண்டாக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். பருப்பிலும் இதே பொருள்கள் நிறைய உண்டு. ஆனால் எண்ணெயோடு போவதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்யும் மீல் மேக்கர் வழியாக நம் குருமாவுக்கும் வந்துசேர்கின்றன.

உடம்பில் நடப்பதுதான் வியப்பு. ஜெனிஸ்டீனுக்கு ஈஸ்ட்ரோஜனின் சாயல். செல்லில் அந்த ஹார்மோன் உட்காரும் ஏற்பிகள் இரண்டு வகை. மார்பகச் செல்லைப் பெருகத் தூண்டுவது ஆல்ஃபா, அதைத் தணிப்பது பீட்டா. ஜெனிஸ்டீன் பீட்டாவையே அதிகம் நாடுகிறது. 'பெருகு' என்ற கட்டளையைச் செல்லுக்குள் கடத்தும் நொதிகளை இது தடுப்பதை 1987-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது ஆய்வுக்கூடத்தில். அங்கே பயன்படுத்திய அளவு ஜெனிஸ்டீன் சாப்பாட்டால் ரத்தத்தில் சேராது. இதை மறைத்து சோயாவைப் புற்றுநோய் மருந்தென்று விற்பவர்களை நம்பாதீர்கள். சிகிச்சைக்கு அது ஈடாகாது.

சோயா என்றாலே பயப்படவும் தேவையில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களை ஷாங்காயில் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் மரணமும் குறைவாகவே இருந்தன. சோயாதான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நோய் கண்டவர் தொடவே கூடாது என்ற அச்சத்தை அது தணித்தது.

டைட்சீன் கதை வேறு. அதைக் குடல் பாக்டீரியாக்கள் ஈக்வாலாக மாற்றுகின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை டைட்சீனைவிட இறுகப் பற்றும் பொருள் இது. 1932-இல் குதிரையின் சிறுநீரில் முதலில் கிடைத்ததால் இந்தப் பெயர். பசுவின் வயிற்றிலும் உருவாகும். மனிதர்களில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கிழக்காசியரில் ஏறக்குறைய பாதிப்பேர், மேலைநாட்டினரில் நாலில் ஒருவர். ஒரே பந்தியில் ஒரே குருமாவைச் சாப்பிட்ட இருவரில் ஒருவர் உடம்பில் ஈக்வால் ஓடும், மற்றவரிடம் இருக்காது. வயலில் பாக்டீரியாவை அழைத்த பொருள், வயிற்றிலும் ஒரு பாக்டீரியாவுக்குத்தான் காத்திருக்கிறது.