தரை தொட்ட பிறகு

விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. மூன்று சக்கரங்களும் ஓடுபாதையில் உருள்கின்றன, வேகம் பாதிக்குமேல் தணிந்துவிட்டது. விமானி சற்றே நிமிர்ந்து உட்காரும் அந்த நேரத்தில் மூக்கு மெல்ல ஒரு பக்கம் திரும்பும். அடுத்த சில நொடிகளில் விமானம் தன்னையே சுற்றி, வெளிப்பக்க இறக்கையின் நுனி தரையில் உரச, சில சமயம் ஒரு சக்கரக் காலும் மடங்கி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றுவிடும். வால்சக்கர விமானங்களில் அதிகம் நேரும் இந்த விபத்தை விமானிகள் 'கிரவுண்ட் லூப்' என்பார்கள். உயிர்போவது அபூர்வம், பட்டறைச் செலவுதான் பெரிது.

காரணம் எடை இருக்கும் இடம். பைப்பர் கப், செஸ்னா 170 போன்றவற்றில் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னால், எடைமையம் அவற்றுக்குப் பின்னால். மூக்கு வலப்பக்கம் கொஞ்சம் திரும்பியதாக வைத்துக்கொள்வோம். விமானத்தின் எடையோ பழைய பாதையிலேயே நேராகப் போகப் பார்க்கும். பக்கவாட்டில் சறுக்க முயலும் டயர்களைத் தரை பிடித்து வலப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளல் எடைமையத்துக்கு முன்னால் விழுவதால் மூக்கு இன்னும் வலப்பக்கம் போகும். கோணம் கூடக்கூடத் தள்ளலும் கூடும். உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்துவதற்கும் இதற்கும் இயற்பியல் ஒன்றுதான்: சாயத் தொடங்கும்போதே கை நகர வேண்டும், பாதி சாய்ந்தபின் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை.

மூக்குச்சக்கர விமானத்தில் பெரிய சக்கரங்கள் எடைமையத்துக்குப் பின்னால். அதே உராய்வு அங்கே விமானத்தை நேராக்கிவிடும்.

வேகம் தணிந்தபிறகு ஏன்? வால் சுக்கான் காற்றின் ஓட்டத்தால்தான் வேலை செய்கிறது. ஓட்டம் குறைந்தால், சுக்கானைத் திருப்பும் மிதிகட்டையை மிதித்தும் பலனில்லை. பக்கக் காற்றோ வாலை விடாமல் தள்ளும். சிறிய வால்சக்கரத்தின் பிடி போதாது. பிரேக்கை அழுத்தி மிதித்தால் விமானம் மூக்குக் குப்புற விழுந்து புரொப்பெல்லர் தரையில் அடிக்கும்.

ஆரம்பகால விமானிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பல இடங்களில் ஓடுபாதையே கிடையாது, பரந்த புல்வெளி மட்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதை எதிர்நோக்கி இறங்கலாம். வாலில் சக்கரத்துக்குப் பதில் ஒரு சறுக்குக்கட்டை புல்லைக் கிழித்துக்கொண்டு வந்து விமானத்தை நேராக இழுத்துப்பிடித்தது. கான்கிரீட் வந்தபின் இறங்கும் திசையை ஓடுபாதை தீர்மானித்தது, பக்கக் காற்று தவிர்க்க முடியாததாயிற்று.

செஸ்னா நிறுவனம் 170-ஐ ஒட்டி மூக்குச்சக்கரம் வைத்து உருவாக்கிய 172 முதன்முதலில் 1955-இல் பறந்தது. 'லேண்ட்-ஓ-மேட்டிக்' என்று அந்தச் சக்கர அமைப்பை விளம்பரப்படுத்தினார்கள், கார் ஓட்டத் தெரிந்தால் போதும் என்பதுபோல. மிகைதான், ஆனால் விற்றது: 40,000-க்கும் மேல் தயாரான மாடல் அது. ஒரு தலைமுறை விமானிகளின் கால்களுக்குச் சுக்கான் பழக்கமே தளர்ந்தது. 1991 முதல் அமெரிக்காவில் வால்சக்கர விமானத்துக்குப் புதிதாக வருபவர், தனிப்பயிற்சி முடித்துப் பயிற்றுநரின் சான்று பெற்றாக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் அலாஸ்காவின் ஆற்று மணல்திட்டுகளில் இறங்குபவர்கள் வால்சக்கரத்தை விடுவதில்லை. கூழாங்கற்களில் மூக்குச்சக்கரத்தின் கால் ஒடிந்துபோகலாம். வால்சக்கர விமானமோ மூக்கை உயர்த்தியே நிற்கும். கற்களுக்கு எட்டாத உயரத்தில் புரொப்பெல்லர் சுழலும்.